மெழுகுக்கு அடியில்

பெருமாள்சாமி பயந்த சுபாவம் உள்ளவர். அய்யலூர்ப் பக்கம் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். அவரும் அதை மறைத்ததில்லை. காஸ் சிலிண்டர் மாற்றும்போது மனைவி மாயக்காளை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் மாற்றுவார். வானம் இருட்டினால் மோட்டார் அறைப் பக்கம் போகமாட்டார். ஆடு வளர்த்துப் பிழைக்கிற ஆள்தான். ஆனாலும் வாரச் சந்தையில் கொம்பு நீண்ட கிடா எதிரே வந்தால் யாருக்காவது பின்னால் போய் நின்றுகொள்வார். சந்தைக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார், நின்ற இடத்தை விட்டு நகராமல்.

இளவயதில் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் சமையற்கட்டில் வேலை பார்த்தார். அந்த விடுதி முதலாளி தானே சீஸ் செய்கிறவர். பாலை உறைய வைப்பது, கட்டியை வெட்டி நீரை வடிப்பது, துணியில் கட்டிப் பாரம் ஏற்றுவது என்று எல்லாவற்றிலும் பெருமாள்சாமியின் கை பட்டிருக்கிறது. கல்யாணம் ஆனதும் ஊருக்கு வந்து ஆடு பிடித்தார். தலைச்சேரி ஆடுகள் குட்டிகளுக்குப் போகவும் பால் கொடுத்தன. கவுச்சி அடிக்கிறது என்று அந்தப் பாலை ஊரில் யாரும் சீந்தவில்லை. வீணாகக் கொட்டுவதற்கு மனமில்லாமல், மலையில் கற்றதை வீட்டில் செய்து பார்த்தார். சின்னத் தேங்காய் அளவில் உருண்டை உருண்டையாக வந்தது. பல வருஷம் அது வீட்டுச் சாப்பாட்டோடு நின்றது. திண்டுக்கல் பேகம்பூரில் பேக்கரி வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, இதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பழுக்க விட்டுக் கொண்டு வந்தால் தானே விற்றுத் தருவதாகச் சொன்னார்.

பழுக்க வைப்பதில்தான் சிக்கல் வந்தது. திண்டுக்கல் வெயிலுக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜை வாங்கி, அதிகம் குளிராதபடி கட்டுப்படுத்தும் டப்பா ஒன்றைப் பொருத்தி, உள்ளே பலகை அடித்து வைத்தார். ஆனால் உருண்டையை வெறுமனே வைத்தால் மேல்தோல் காய்ந்து வெடிக்கிறது. எதையாவது பூச வேண்டும். எதைப் பூசுவது என்பது தெரியவில்லை.

முதலில் நல்லெண்ணெயில் மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் எண்ணெய் காறல் வாடை அடித்தது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்திருந்த வழியாக எறும்பு வந்து வரிசை கட்டியது. எறும்பு வந்த வழியில் பாம்பும் வரலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த முறையை அத்தோடு விட்டார்.

அடுத்ததாக, விடுதி முதலாளி செய்தது போலவே காடாத் துணியை உருக்கிய நெய்யில் நனைத்து உருண்டையைச் சுற்றி ஒட்டினார். இதில் பூசணம் பூக்கும். பூக்கத்தான் வேண்டும். முதலில் வெள்ளையாக, பிறகு சாம்பலாக, இடையிடையே நீலத் திட்டாகப் படரும். அதைத் தூரிகையால் தட்டிவிட்டு, திருப்பி வைத்து, தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துணிக்கு உள்ளே சீஸ் பத்திரமாக இருக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் விடுதியில் இப்படிப் பூசணம் பூத்த உருண்டைகளை அடுக்கிய அறைக்குள் அவர் ஒரு நாளும் தனியாகப் போனதில்லை. இப்போது அந்த அறையே வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. ஒரு நாள் மாயக்காள் எதற்கோ ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு அறைந்து மூடினாள். எலி செத்து ரோமம் உதிர்ந்தது போல இருக்கிறது, இதை வைத்திருந்தால் தான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், பெருமாள்சாமி அதையெல்லாம் குப்பைக்குழியில் போட்டது தன் பயத்துக்காகத்தான்.

ரஹ்மத்துல்லாவும் துணி சுற்றியதைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பளபளவென்று சிவப்பு மெழுகு பூசிய உருண்டைகள். மெழுகைத் தானே வரவழைத்துத் தருகிறேன், இப்படிச் செய்து கொடுங்கள், கல்யாணக்காரர்கள் பரிசாகவே வாங்குவார்கள் என்றார்.

மெழுகு உருக்குவதற்கு நெருப்பு வேண்டும். சூடு மிஞ்சினால் மெழுகு குப்பென்று பற்றிக்கொள்ளும் என்று பெருமாள்சாமி கேள்விப்பட்டிருந்தார். வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை இறக்கி, பக்கத்தில் ஈரச் சாக்கும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு, மாயக்காளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே உருக்கினார். உருண்டைகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்துப் பலகையில் வைத்தார். ஆறியதும் பார்த்தால், கோயில் கடையில் வாங்கிய பொம்மைகள் மாதிரி இருந்தன. பூசணம் இல்லை, எறும்பு இல்லை, வாடை இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் பயப்பட ஒன்றுமே இல்லை. பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அது ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்து, கரண்டும் அடிக்கடி போய் வந்தது. மெழுகில் முக்குவதற்கு முன்னால் உருண்டையின் மேல்தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தபோது சில்லென்று இருந்தது. ஃபிரிட்ஜின் குளிர்ச்சி என்று நினைத்தாரே தவிர, ஈரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ரஹ்மத்துல்லாவும் கேட்டுக்கொண்டே இருந்தார். சிலவற்றை அவரிடம் கொடுத்தார். மீதியைப் பழுக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்ததும் வளைகாப்பு முடிந்து மகள் அறிவுச்செல்வி பிரசவத்துக்கு வந்தாள். ஒரே மகள். செம்பட்டியில் மாப்பிள்ளை மணிமாறனுக்குச் சொந்தமாக டூவீலர் ஒர்க்ஷாப் இருக்கிறது. அவளுக்கு இங்கே வேலை எதுவும் கிடையாது. மழை விட்ட மத்தியானங்களில் ஆட்டுப்பட்டிக்கு அப்பால் உடைமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வாள். குட்டிகள் அவள் மடியில் ஏறும். பெருமாள்சாமி தூரத்திலிருந்தே, வயிற்றில் முட்டிவிடும், விரட்டு என்று கத்திக்கொண்டிருப்பார்.

அவள்தான் சீஸ் கேட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவள். பெருமாள்சாமி சிவப்பு உருண்டை ஒன்றை எடுத்து மெழுகைக் கத்தியால் கீறி உரித்தார். மெழுகுக்கும் சீஸுக்கும் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஈரம் கசிந்திருந்தது. துண்டால் துடைத்தார். மோந்து பார்த்தார். கொஞ்சம் புளிப்பு அதிகமோ என்று தோன்றியது. மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு துண்டை நறுக்கிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் வாங்கித் தின்றாள்.

ஒரு வாரம் கழித்து அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது.

முதல் நாள் மழையில் நனைந்ததால் என்று நினைத்தார்கள். அய்யலூரில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது போல இறங்கி மறுபடியும் ஏறியது. தலை பிளக்கிறது என்று கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில், பிள்ளை நேற்றிலிருந்து சரியாக அசையவில்லை என்று மெதுவாக அம்மாவிடம் சொன்னாள். பெருமாள்சாமி காதில் அது விழுந்தது. கார் பிடித்து திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவருடைய வலது கை விரல், துடைத்த அந்த ஈரத்தை இன்னும் உணர்ந்துகொண்டே இருந்தது.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு இருந்தது, ஆனால் வேகமாக, தையல் மெஷினை விரட்டி ஓட்டுவது போல இருந்தது. அம்மாவின் காய்ச்சலால் அப்படி ஓடுகிறது என்றார் டாக்டர். பிறகு கேள்விகளாகக் கேட்டார். வெளியூர் போனாளா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா, வெளியே எங்காவது சாப்பிட்டாளா.

மாயக்காள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசிக் கேள்விக்குப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் செஞ்ச சீஸு சாப்ட்டுச்சுங்கம்மா" என்றார் பெருமாள்சாமி. "ஆட்டுப் பால்ல செஞ்சது."

"பாலைக் காய்ச்சித்தான செஞ்சீங்க?"

"சூடு பண்ணுவேன். கொதிக்க விட்டா உறையாதுன்னு கொதிக்க விடமாட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சரியாகக் காய்ச்சாத பாலிலும் அதில் செய்த சீஸிலும் ஒரு கிருமி வளரலாம், சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாது, கர்ப்பிணிக்கு வந்தால் அவளுக்குக் காய்ச்சலோடு போய்விடும், ஆனால் பிள்ளையைப் பாதிக்கும் என்று நிதானமாகச் சொன்னார். அதற்கான ஊசியை உடனே தொடங்குவதாகவும், ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க அனுப்புவதாகவும், முடிவு வரச் சில நாள் ஆகும் என்றும் சொன்னார். மிச்சம் இருக்கிற சீஸைத் தூக்கிப் போட வேண்டாம், ஒன்றைப் பையில் கட்டிக் கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மாயக்காள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நடைக்கு அந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். செம்பட்டியிலிருந்து மணிமாறன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு மாமனார் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, அதுல என்னத்தக் கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல மாப்ள. மெழுகு பூசுனேன். அம்புட்டுத்தான்."

மணிமாறன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் விரல்களை இறுக்கி மடக்குவதைப் பெருமாள்சாமி பார்த்தார். தன்னை அடித்துவிடுவானோ என்று ஒரு கணம் நினைத்தார். அடிக்கட்டும் என்றும் நினைத்தார். ஆனால் அவன் அழத்தான் தொடங்கினான்.

ஆடுகளைப் பார்க்கவும் சீஸை எடுத்து வரவும் மறுநாள் காலை அவர் மட்டும் பஸ் ஏறி ஊருக்கு வந்தார். பட்டியைத் திறந்துவிட்டுத் தழை வெட்டிப் போட்டார். அந்த வேலைகளை எல்லாம் மெதுவாகச் செய்தார், வீட்டுக்குள் போகாமல் இருப்பதற்காக. செய்ய எதுவும் மிச்சமில்லாதபோது உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

சிவப்பு உருண்டைகள் அப்படியே அழகாக உட்கார்ந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மெழுகில் கீறல்கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியப் போவதில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கத்தியை எடுத்து வெட்டினார். உள்ளே வெளுத்த மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, சுத்தமாக இருந்தது. நல்ல வாசம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

அடுத்ததை அழுத்தியபோது மெழுகு கொஞ்சம் அமுங்கியது. கத்தி நுனி உள்ளே போனதும் பீச்சென்று நீர் தெறித்து அவர் கையில் வழிந்தது. கொழகொழவென்று, சளி போல. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். மெழுகை உரித்தால் அடிப்பக்கம் முழுக்க பழுப்பு நிறமாக இளகிக் கிடந்தது. உலராமல் இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் மெழுகுக்கு அடியிலேயே கெட்டுப் போயிருந்தது. அவர் கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, சோப்பு போட்டுத் தேய்த்து, மறுபடியும் தேய்த்துக் கையைக் கழுவினார். மகளின் வயிற்றுக்குள் இதுதான் போயிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. மோட்டார் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே இரண்டு உருண்டைகள் வெட்டிக் கிடந்தன. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. டாக்டர் ஒன்றைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். எதை என்று சொல்லவில்லை. நல்லதைக் கொண்டு போய்க் கொடுத்தால் அவர் மீது யாரும் விரல் நீட்ட மாட்டார்கள். மாயக்காள் பக்கத்தில் வந்து உட்காருவாள். மாப்பிள்ளை முகத்தை நேராகப் பார்க்கலாம். அந்த நினைப்போடு அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஆனால் பொய்யான உருண்டையைப் பார்த்து டாக்டர் ஊசியை மாற்றிவிட்டால் என்ன ஆவது என்ற பயம், மற்ற எல்லாப் பயத்தையும் விடப் பெரிதாக வந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கெட்டுப் போனதை இரண்டு பைகளுக்குள் வைத்துக் கட்டினார்.

கிளம்பும்போதுதான் ரஹ்மத்துல்லாவின் ஞாபகம் வந்தது. கைபேசியில் எண்ணைத் தேடுவதற்குள் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"பாய், அந்தச் செவப்பு உருண்டைய யாருக்கும் குடுக்காதீங்க. உள்ளாற கெட்டுப் போயிருக்கு. எம்மக ஆஸ்பத்திரில கெடக்கு."

ரஹ்மத்துல்லா கேட்டார்: "ரெண்டு போயிருச்சே அண்ணே. என்ன செய்யட்டும்?"

ஒன்று பேக்கரிக்கு வாடிக்கையாக வரும் ஒரு வங்கி அம்மாவுக்கு. இன்னொன்றை வாங்கினது யாரோ காரில் வந்த குடும்பம், பழனிக்குப் போகிறவர்கள் போல இருந்தார்கள், பின் சீட்டில் குழந்தைகள் இருந்தன. அவர்களை எங்கே போய்த் தேடுவது? ரஹ்மத்துல்லா தன் பங்குக்கு வங்கி அம்மாவுக்கு உடனே சொல்லிவிடுவதாகவும், கடையில் மீதி இருப்பதை உடைத்துக் கொட்டிவிடுவதாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார்.

திண்டுக்கல் வரும் வரை பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு பெருமாள்சாமி அந்தக் காரையே நினைத்துக்கொண்டு வந்தார். தன் மகள் ஒருத்தி என்று இருந்த பயத்தில் இப்போது முகம் தெரியாத பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எதிரே வந்த கார்களின் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காய்ச்சல் கட்டுப்படவே இல்லை. அறிவுச்செல்விக்கு உதடு வெடித்திருந்தது. மூச்சும் கொஞ்சம் வேகமாக இருந்தது. டாக்டரிடம் பையைக் கொடுத்து, இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது, இதுதான் மோசம், இந்த மாதிரி ஒன்றைத்தான் மகள் தின்றாளா என்று தனக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னார். இங்கே பார்க்க முடியாது, மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். மணிமாறன் அந்தப் பையை வாங்கிக்கொண்டான். வாசலில் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் ஜோஸ்பின் என்ற நர்ஸ், காய்ச்சல் உடம்பை ஈரத் துணியால் துடைத்துவிட மாயக்காளை உதவிக்குக் கூப்பிட்டார். பெருமாள்சாமி கதவுக்கு வெளியே நின்றார். துடைத்துக்கொண்டே வந்த நர்ஸ் சட்டென்று நிறுத்தினார். பாவாடை நாடா இறுகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பின் மடிப்பில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் புண் இருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

வலிக்காததால் அறிவுச்செல்விக்கே அது தெரிந்திருக்கவில்லை. நாடா உரசிய புண் என்று நினைத்து மாயக்காளும் விட்டிருந்தாள். நர்ஸ் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, புதரில் எங்காவது உட்கார்ந்தாயா என்று கேட்டார். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்ததை அவள் முனகிக்கொண்டே சொன்னாள்.

வெளியே வந்த டாக்டர் நேராகப் பெருமாள்சாமியிடம் வந்தார். புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது, மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் அதிகம், அது கடித்த இடம் இப்படித்தான் கறுத்துப் போகும், அதனால் வரும் காய்ச்சல் இப்போது போடுகிற ஊசிக்கு அடங்காது, அதற்கு மருந்து வேறு, உடனே ஆரம்பிக்கிறோம் என்றார்.

"அப்ப சீஸு இல்லையாம்மா?"

"இன்னும் தெரியல. ரெண்டுக்குமே மருந்து குடுக்கறோம்."

மறுநாள் முழுக்கக் காய்ச்சல் ஏறி இறங்கியது. பெருமாள்சாமி எதையும் தின்னவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அறிவுச்செல்வி வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். வயிற்றின் ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதைக்குதும்மா என்றாள். மாயக்காள் நடைக்கு வந்து, அங்கே நின்றிருந்த புருஷனைப் பார்த்து, உள்ளே வந்து பாருங்க என்று கூப்பிட்டாள். டாக்டரிடம் சீஸைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

ரத்தப் பரிசோதனை ஒவ்வொன்றாக வந்தது. பூச்சிக்கடிக் காய்ச்சல்தான் என்று உறுதியானது. டாக்டர் முதலில் பயந்த கிருமி ரத்தத்தில் வளரவில்லை. மதுரையிலிருந்து வந்த முடிவில் அந்தக் கிருமி சீஸிலும் இல்லை என்று இருந்தது. ஆனால் வேறு கிருமிகள் ஏராளமாக இருந்தன. மனுசர் தின்னத் தகுந்தது அல்ல என்று கடைசியில் எழுதியிருந்தது. பெருமாள்சாமி அதை மணிமாறனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"இந்தத் தடவை இது காரணம் இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

வங்கி அம்மா வீட்டில் உருண்டையை இன்னும் வெட்டவில்லை என்று தெரிந்தது. ரஹ்மத்துல்லா ஆள் அனுப்பி வாங்கி வந்துவிட்டார். காரில் வந்தவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. பேக்கரிப் பக்கம் போகும்போதெல்லாம் பெருமாள்சாமி அவர்கள் மறுபடி வந்தார்களா என்று கேட்பார். ரஹ்மத்துல்லா இல்லை என்று தலையாட்டுவார். நல்லதாக இருந்திருக்கும் அண்ணே, பாதி நல்லதாகத்தானே இருந்தது என்பார். மீதிப் பாதியைப் பற்றி இரண்டு பேரும் பேசமாட்டார்கள்.

தை கடைசியில் அறிவுச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி குறையில்லை. அதுவரைக்கும் ஃபிரிட்ஜ் அணைத்தபடியே கிடந்தது. பெருமாள்சாமி ஆட்டுப்பட்டியைச் சுற்றி இருந்த புதர்களை ஒன்று விடாமல் வெட்டி எரித்தார். கறந்த பாலைக் குட்டிகளுக்கே விட்டார்.

பங்குனியில் மறுபடியும் ஆரம்பித்தார். டாக்டர் சொன்னபடி பாலைப் பக்குவமாகக் காய்ச்சி, வெப்பம் பார்க்கும் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்து, அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைத்து ஆறவிட்டார். கொதிக்காமலே கிருமி சாகிற அளவு ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உருண்டைகளை விசிறிக்கு அடியில் வைத்து, தொட்டால் உள்ளங்கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டார். எதைப் பூசுவது என்று இந்த முறை அவர் யாரிடமும் கேட்கவில்லை. நெய்யை உருக்கினார். காடாத் துணியைக் கிழித்தார். மாயக்காள் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றாள். அதைப் பட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

சித்திரையில் மனைவியையும் குழந்தையையும் அழைத்துப் போக மணிமாறன் வந்தான். சாப்பிட்டு முடித்ததும், அதைக் காட்டுங்க மாமா என்றான். எதை என்று கேட்காமலே பெருமாள்சாமி கொட்டகைக்குக் கூட்டிப் போனார். கதவைத் திறந்ததும் மணிமாறன் ஒரு அடி பின்னால் போனான். உருண்டைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் மயிர் மயிராகப் பூத்திருந்தன. பெருமாள்சாமி தூரிகையை எடுத்து ஒன்றைத் தட்டினார். தூசி பறந்தது. வெள்ளையும் சாம்பலும் நீலமும் வரலாம், ரோஸ் நிறமோ கொழகொழப்போ வந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன், அப்படி இரண்டு போட்டாயிற்று என்று சொன்னார்.

"இதப் பார்த்தா பயமா இல்லையா?" என்று கேட்டான் மணிமாறன்.

"இருக்கு மாப்ள. தெனமும் கதவத் தொறக்கையில நெஞ்சு அடிச்சுக்குது. ஆனா கெட்டுப்போனா கண்ணுக்குத் தெரிஞ்சுரும்."

மணிமாறன் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தான். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போகும்படி பெருமாள்சாமி சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவர்கள் செம்பட்டிக்குப் போன மறுவாரம் ஒரு மத்தியானம் அறிவுச்செல்வி அம்மாவின் போனில் கூப்பிட்டாள்; பெருமாள்சாமிதான் எடுத்தார். பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது என்று அவள் தொடங்கினாள். மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கவில்லை. போனை மாயக்காள் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டியை அடைத்தாரா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டுக்கு ஓடினார். வந்த பஸ்ஸில் ஏறினார். பஸ் வடமதுரையைத் தாண்டும்போது மாயக்காளின் போன் வந்தது. காலையில் தடுப்பூசி போட்டார்களாம், அதனால் வந்த சூடாம், டாக்டரே வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம், நீங்க எறங்கித் திரும்பி வாங்க என்றாள்.

சரி என்றார். ஆனால் இறங்கவில்லை. திண்டுக்கல் போய், அங்கிருந்து செம்பட்டி பஸ் பிடித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. காலைக் கழுவிவிட்டு வந்து, அதன் சட்டையை லேசாக விலக்கி, கழுத்து மடிப்பு, கக்கம், இடுப்பு, முட்டிக்குப் பின்பக்கம் என்று எல்லா இடத்தையும் பார்த்தார். மகள் விளக்கைப் போட்டுவிட்டு, அவருக்குச் சோறு எடுத்து வைக்கப் போனாள்.